கற்றுக்கொண்டே வாழ்ந்த வாழ்க்கை: உ.வே.சா.வின் தன்வரலாறும் பினாங்கின் எழுதப்படாத வரலாறுகளும்

1. முன்னுரை

தமிழில் தன்வரலாறு என்னும் இலக்கிய வகை காலத்தால் பிற்பட்டது. புலவர் தம்மைப் பற்றித் தாமே விரிவாகக் கூறுதல் நம் மரபில் பெருவழக்காக இருந்ததில்லை. பாயிரத்திலும் அவையடக்கத்திலும் ஊர், பெயர், ஆசிரியர் பெயர் ஆகியவற்றைச் சுட்டி அமைவதே வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது எனினும், ஒரு வாழ்வை முழுமையாகத் திரும்பிப் பார்க்கும் நோக்கம் அதற்கு இல்லை. அந்நோக்கத்தோடு எழுந்த உரைநடை நூல்கள் 20-ஆம் நூற்றாண்டிலேயே பெருகின. டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்', நாமக்கல் கவிஞரின் 'என் கதை' ஆகியவை அவற்றுள் தமிழாசிரியர் நன்கு அறிந்தவை.

இவற்றுள் 'என் சரித்திரம்' தனி இயல்பு உடையது. ஒரு மனிதர் என்ன சாதித்தார் என்பதைக் காட்டிலும் அவர் எவ்வாறு கற்றார் என்பதே அந்நூலின் கதைப்பொருள். நம் வகுப்பறைகளில் இந்நூல் பெரும்பாலும் பதிப்பு வரலாற்றுக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. ஏடு தேடிய வரலாறு என்ற அளவில் சில பகுதிகள் பாடமாகின்றன. எஞ்சியவை வாசிக்கப்படாமலே நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை அந்நூலை வாழ்நாள் முழுவதும் கற்ற ஒருவரின் நினைவுப் பதிவாக வாசிக்க முற்படுகிறது. அவ்வாசிப்பைப் பினாங்கிலிருந்து நிகழ்த்துவதற்குக் காரணம் உண்டு. உ.வே.சா.வின் ஆசிரியரிடமே பாடம் கேட்ட மற்றொரு புலவர் இத்தீவில் தமிழ் இதழ் நடத்தியிருக்கிறார். முன்னவர் வாழ்வின் ஒரு பாதி 122 அத்தியாயங்களில் நமக்குக் கிடைக்கிறது. பின்னவர் வாழ்வைச் சில வரிகளிலேயே அறிகிறோம். இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதே நம் வினா.

2. கற்றலே கதையாகும் முறை

உ.வே.சா. 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மறைந்தார். 'என் சரித்திரம்' 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கியபொழுது அவருக்கு வயது 85-ஐ நெருங்கியிருந்தது. அவர் மறைவால் தொடர் நின்றது. நூலுருப் பெற்றது 1950-இல். மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு கதை நின்றுவிடுதலால், அதன் பின்னர் அவர் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அவர்தம் சொல்லில் பதிவாகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரிப் பணி, 1906-இல் பெற்ற மகாமகோபாத்தியாயப் பட்டம், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கிய டாக்டர் பட்டம் ஆகிய பெருமைகளுக்கு இந்நூலில் இடம் அமையாமற் போயிற்று. தற்செயலாக நேர்ந்த இக்குறையே நூலுக்கு ஒரு நன்மையைச் செய்தது எனலாம். சிறப்புகள் வந்து குவியும் முன்பே கதை நின்றுவிடுவதால், நம் கையில் எஞ்சுவது ஒரு மாணாக்கனின் வரலாறாகவே அமைந்துவிடுகிறது.

நூலின் முற்பகுதியை ஆசிரியர்களின் வரிசையாகவே காண இயலும். அரியிலூர்ச் சடகோபையங்கார், கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் எனத் தொடர்ந்து, 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைவதில் அவ்வரிசை உச்சம் பெறுகிறது. ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தெரிந்ததைக் கற்பித்த பின்னர், அதற்கு மேல் கற்க வேறொருவரை நாட வேண்டிய நிலை ஏற்படுகிறது. இலக்கணம் சொல்லத் தக்கவர் ஓரூரில் இருப்பார். புராணம் சொல்லத் தக்கவர் வேறோர் ஊரில் இருப்பார். பள்ளியும் பாடத்திட்டமும் அமையாத அச்சூழலில், கல்வி என்பது மனிதரைத் தேடிச் செல்லும் பயணமாக இருந்தது. நூலின் கதையோட்டத்தை இயக்குவது இப்பயணமே. ஒரு பகுதியின் முடிவில் ஒன்று கைகூடுகிறது. உடனே இன்னொன்று இல்லை என்பது தெரியவருகிறது. வார இதழின் தொடர்கதைக்கு உரிய ஆவலைத் தூண்டும் அமைப்பு இதனால் இயல்பாகவே நூலுக்கு வாய்த்தது.

இங்கு ஒரு கருத்தைச் சற்று எச்சரிக்கையோடு முன்வைக்க வேண்டும். முதுமையில் ஒருவர் தம் இளமையை நினைவுகூரும்பொழுது, பின்னர் அடைந்த இடத்தை நோக்கியே முன்னர் நடந்தவை யாவும் நகர்ந்தன என்பது போன்ற தோற்றம் உண்டாதல் இயல்பு. 'என் சரித்திரம்' இதற்கு முற்றும் விலக்கன்று. ஆங்கிலம் கற்றால் வருவாய், வடமொழி கற்றால் மறுமைப் பயன் எனப் பிறர் அறிவுறுத்திய சூழலில் தமிழையே நாடிய சிறுவனின் சித்திரம், பதிப்பாசிரியராகப் புகழ்பெற்ற முதியவரின் கண்வழியே தீட்டப்பட்டது. எனினும் அச்சிறுவனுக்கு இசையிலும் ஈடுபாடு இருந்ததை நூல் மறைக்கவில்லை. தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கும் வாய்ப்பு மகனுக்கு அமைந்தது. தமிழாசிரியர் அதனை விரும்பவில்லை என அறிந்தபொழுது இசைப் பயிற்சி கைவிடப்பட்டது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்க நேர்ந்த இச்செய்தியை உ.வே.சா. மழுப்பாமல் கூறுகிறார். கல்வி வரலாற்றில் இழப்புக் கணக்கையும் சேர்த்து எழுதிய நேர்மை இது.

3. அறியாமையும் அறியும் வேட்கையும்

நூலின் மையமாக நாம் கருதுவது 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நிகழ்ந்த சந்திப்பாகும். அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக உ.வே.சா. அமர்ந்துவிட்டார். மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு பெற்றவர், கல்லூரி ஆசிரியர் என்ற மூவகைத் தகுதியும் அவருக்கு இருந்தன. முன்சீபாக அவ்வூருக்கு வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றபொழுது, என்னென்ன நூல்கள் கற்றீர் என்னும் வினா எழுந்தது. தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றை அவர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா எனக் கேட்டார். இல்லை என்பதே விடையாக இருந்தது.

இந்நிகழ்ச்சியைப் பழந்தமிழ் நூல்கள் மீட்கப்பட்ட வரலாற்றின் தொடக்கமாக நம் பாடநூல்கள் கூறும். அது சரியே. ஆயினும் கற்றல் பற்றிய நூலாக இதனை வாசிக்கும்பொழுது வேறொன்று புலப்படுகிறது. 25 வயதுடைய ஆசிரியர் ஒருவர், தமக்குத் தெரியாத நூல் உண்டு என்பதைப் பிறர் முன்னிலையில் அறிந்துகொள்கிறார். அவ்விடத்தில் அவர் எடுக்கத்தக்க நிலைகள் இரண்டு. தாம் கற்றதே போதுமானது எனக் கொள்ளலாம்; அவ்வாறு கொள்வதற்கு அக்காலப் புலமை உலகில் தடை ஏதும் இல்லை. அன்றி, மீண்டும் மாணாக்கனாகலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். முதலியார் தந்த கையெழுத்துப் படியைக் கொண்டு சிந்தாமணியைப் பயிலத் தொடங்கினார். 1887-இல் அந்நூல் அச்சில் வெளிவரும் வரை ஏழாண்டுகள் அப்பயிற்சி நீடித்தது.

சிந்தாமணி சைன சமய நூல். சைவ மடத்துச் சூழலில் கற்ற ஒருவருக்கு அதன் சமயக் கருத்துகளும் மரபுச் சொற்களும் புதியன. கும்பகோணத்தில் வாழ்ந்த சைன அன்பர்களை நாடி அவற்றைக் கேட்டுத் தெளிந்ததை உ.வே.சா. நன்றியோடு பதிவு செய்கிறார். ஏடுகளில் பதில் கிடைக்காத ஐயங்களுக்கு அந்நூலைத் தம் சமய வாழ்வின் பகுதியாகக் கொண்டவர்களிடம் பதில் கிடைத்தது. நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சுட்டாமல் எடுத்தாளும் மேற்கோள்கள் மற்றொரு தூண்டுதலாயின. இவை எந்நூலைச் சேர்ந்தவை என்னும் வினா அவரைப் பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் இட்டுச் சென்றது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஒவ்வொரு பதிப்பும் அதற்கு முந்திய பதிப்பில் விடை காணாத வினாவின் தொடர்ச்சி என்பதை நூலைத் தொடர்ந்து வாசிப்போர் உணர்வர். தேர்வுக்குரிய ஆண்டுப் பட்டியலாக இவற்றை மாணாக்கருக்கு அளிக்கும்பொழுது இத்தொடர்ச்சியை நாம் துண்டித்துவிடுகிறோம்.

4. குடும்பம்: சொல்லப்பட்டதும் சொல்லப்படாததும்

'என் சரித்திரம்' ஒரு தனிமனிதரின் கல்வி வரலாறு மட்டுமன்று. ஒரு குடும்பம் தன் மகனின் கல்விக்காக இடம் பெயர்ந்த வரலாறும் ஆகும். தந்தையார் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிப் பொருள் கூறிக் கிடைத்த ஊதியத்தைக் கொண்டு குடும்பம் நடத்தினார். மகனுக்கு ஆசிரியர் கிடைக்கும் ஊருக்குக் குடும்பம் சென்றது. அங்கே தங்குவதற்கு ஒரு வீடும், உணவுக்கு ஊராரின் ஆதரவும் தேடப்பட்டன. தந்தையின் வறுமையைக் கூறும்பொழுது உ.வே.சா.வின் நடை மிகைப்படுவதில்லை. ஊர்ப்பெயர், மனிதர் பெயர், செய்த உதவி ஆகியவற்றைச் சொல்லி நின்றுவிடுகிறது. உதவியவர் பெயரை மறவாமல் எழுதுதலை அவர் ஒரு கடனாகவே கொண்டிருந்தார் எனத் தோன்றுகிறது.

ஆசிரியரும் குடும்பத்துள் ஒருவராகிறார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவான் மறைந்த இரவைக் கூறும் பகுதி நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. கிறித்தவ மாணாக்கரான சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தாங்கியிருக்க, உ.வே.சா. திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். சைவப் பெரும்புலவரின் இறுதி நேரத்தில் உடனிருந்தோர் யாவர் என்பதை விளக்கவுரை ஏதுமின்றி நூல் காட்டுகிறது.

ஆயினும் இக்குடும்பச் சித்திரத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. அன்னையார் சரசுவதி அம்மாள் அன்பின் வடிவாகத் தோன்றுகிறார். அவர் என்ன எண்ணினார் என்பதை அரிதாகவே அறிகிறோம். 1868-இல் மணந்த மதுராம்பிகையைப் பற்றிய செய்திகள் இன்னும் குறைவு. அக்காலத் திருமணச் சடங்குகளும் விருந்தும் செலவும் விரிவாக வருணிக்கப்படுகின்றன. மணமகளின் குரல் கேட்பதில்லை. கணவர் ஏடு தேடி ஊர் ஊராகச் சென்ற நாள்களில் இல்லம் எவ்வாறு நடந்தது? அச்சுக் கூலிக்கும் தாளுக்கும் பொருள் தேடிய ஆண்டுகளில் அடுப்பங்கரை எதனைத் துறந்தது? இவ்வினாக்களுக்கு நூலில் விடை இல்லை. இதனை ஆசிரியரின் குறையாக மட்டும் கூறுதல் பொருந்தாது. மனைவியைப் பற்றிப் பொதுவில் பேசாமை அத்தலைமுறையினர் மதிப்பாகக் கருதிய ஒன்று. எனினும் கல்வி என்பது தனியொருவர் ஈட்டும் பொருள் என்ற எண்ணம் உருவாவதற்கு இத்தகைய மௌனங்களும் துணைபுரிகின்றன. வாசகராகிய நாம் அம்மௌனத்தைச் சுட்டிக்காட்டிச் செல்வதே முறை.

5. ஒரு சாலை மாணாக்கர் இருவர்

மகாவித்துவானிடம் பாடம் கேட்டோருள் நாகூர் குலாம் காதிறு நாவலரும் ஒருவர். 1833-இல் பிறந்து 1908-இல் மறைந்த இவர் உ.வே.சா.வினும் 22 ஆண்டு மூத்தவர். நாகூர்ப் புராணம், நாகூர்க் கலம்பகம் முதலிய மரபு நூல்களை இயற்றியவர். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபொழுது அதனோடு இணைந்து விளங்கியவர். அச்சங்கப் புலவரைப் பொருளாகக் கொண்டு ஆற்றுப்படை ஒன்றும் பாடினார். நமக்கு இவர் மேலும் நெருக்கமாவதற்குக் காரணம், 1880-களில் இவர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரினி' என்னும் இதழை நடத்தினார் என்பதே.

இவ்விருவரையும் ஒப்பிடும்பொழுது கற்றலின் இரு திசைகள் தெளிவாகின்றன. ஒரே ஆசிரியரிடம் அந்தாதியும் கோவையும் புராணமும் பயின்றவர் இருவரும். அப்பயிற்சியின் எல்லையை உணர்ந்தபொழுது உ.வே.சா. பின்னோக்கிச் சென்று பழைய ஏடுகளில் புதிய உலகைக் கண்டார். நாவலர் கடலைக் கடந்து இதழியல் என்னும் புதிய தொழிலை மேற்கொண்டார். ரெனால்ட்ஸ் எழுதிய ஆங்கில நாவலை 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' எனத் தமிழாக்கினார். புராணம் பாடிய புலவர் நாவலை மொழிபெயர்த்தலும், கலம்பகம் பாடிய கை இதழின் பத்தியை எழுதுதலும் அக்காலத்தில் எளிய மாற்றங்கள் அல்ல. கற்றறிந்தவர் மீண்டும் கற்கத் துணிந்தாலன்றி அவை கைகூடா. 'வித்தியா விசாரினி' என்னும் பெயரிலேயே கல்வியும் விசாரணையும் அமைந்திருத்தல் கருதத்தக்கது.

அவர் வாழ்ந்த பினாங்கு எத்தகையது என்பதையும் நோக்க வேண்டும். 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்ட பின்னர் விரைவிலேயே தமிழ் வணிகர் இங்குப் பெருகினர். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்கா இன்றும் உள்ளது. நாகூரிலிருந்து வந்த புலவருக்கு அத்தெரு அந்நிய நிலமாக இருந்திருக்க இயலாது. 1816-இல் தொடங்கிய பினாங்கு பிரீ ஸ்கூலில் அமைந்த தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். வணிகமும் வழிபாடும் பள்ளியும் அச்சுக்கூடமும் சில தெருக்களுக்குள் அடங்கிய நகரம் இது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகள் ஒருங்கே ஒலித்த அந்நகரில் ஒரு தமிழ்ப் புலவர் எவற்றைக் கேட்டார், எவற்றை வியந்தார், எவரோடு வாதிட்டார் என்பதை அறிய விழைகிறோம். அவ்விழைவை நிறைவு செய்யத் தக்க தன்வரலாறு ஒன்றை அவர் விட்டுச்செல்லவில்லை.

உ.வே.சா.வுக்கு மட்டும் இது எவ்வாறு இயன்றது? நினைவாற்றல் ஒரு காரணம். நீண்ட ஆயுள் மற்றொரு காரணம். இவற்றினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. அவர் தாள்களைக் காத்தவர். தமக்கு வந்த கடிதங்களையும் குறிப்புகளையும் பல்லாண்டு பேணி வைத்தவர். நாளும் கிழமையும் குறித்து அவர் எழுத இயன்றமைக்கு அச்சேமிப்பு பெருந்துணை. கி.வா. ஜகந்நாதன் முதலிய மாணாக்கர் உடனிருந்து உதவினர். கதை நின்ற இடத்துக்குப் பிற்பட்ட வாழ்வைக் கி.வா.ஜ. 'என் ஆசிரியப்பிரான்' என்னும் நூலால் நமக்குத் தந்தார். வார இதழ் ஒன்று இடம் அளித்தது. மறைவுக்குப் பின் 1943-இல் அவர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் அமைந்து ஏடுகளையும் தாள்களையும் காத்தது. ஆகவே ஒரு தன்வரலாறு உருவாவதற்கு நினைவுடையோர் ஒருவர் மட்டும் போதார். காத்த தாள், எழுதத் துணைபுரியும் மாணாக்கர், வெளியிடும் இதழ், பேணும் நிறுவனம் ஆகிய நான்கும் வேண்டும். கடல் கடந்து வந்து மீண்ட புலவருக்கு இந்நான்கும் ஒருங்கே வாய்க்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

6. பினாங்கில் நினைவு கொண்ட வடிவங்கள்

தன்வரலாறு எழாத இடத்தில் நினைவு வேறு வடிவங்களை நாடும். பினாங்கைப் பொறுத்தவரை அது பெரிதும் புனைகதையை நாடியது. 1938-இல் மேடானுக்குச் சென்று 1946-இல் தமிழகம் திரும்பிய ப. சிங்காரம், தாம் கண்ட உலகை 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்களாக்கினார். பினாங்கின் தெருக்களும் வட்டிக்கடைகளும் போர்க்காலமும் அவற்றில் நுணுக்கமாகப் பதிந்துள்ளன. ஆசிரியர் தம்மைப் பற்றி நேரடியாகச் சொல்லாதவற்றைப் பாத்திரங்கள் சுமக்கின்றன.

உள்நாட்டில் பிறந்து வளர்ந்தோருள் ரெ. கார்த்திகேசு கருதத்தக்கவர். 1940-இல் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த இவர், வானொலித் துறையில் பணியாற்றிப் பின்னர்ப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்தார், 2016-இல் மறைந்தார். சிறுகதை, நாவல், திறனாய்வு என இறுதிவரை எழுதினார். புற்றுநோயை எதிர்கொள்ளும் முதியவர் ஒருவரின் மனநிலையை அவர்தம் 'அந்திம காலம்' ஆராய்கிறது. வாழ்வைத் திரும்பிப் பார்த்தல் என்பது இங்கே குடும்பத்தின் நடுவே, நோயின் நெருக்கத்தில் நிகழ்கிறது. உ.வே.சா. தம் நூலில் இடம் தராத உடல், அச்சம், மனைவி மக்களின் அன்றாடம் ஆகியவற்றுக்குப் புனைகதை இடம் தருவதை இங்குக் காண்கிறோம். உண்மையை மறைக்கவும் உதவும் வடிவம் என்பதாலேயே புனைகதை உண்மையைக் கூறவும் துணிவு தருகிறது.

ஆனால் எழுத்தாளர் அல்லாத கற்றோரின் நிலை என்ன? இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். ஜார்ஜ் டவுனில் வாழ்ந்து மறைந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் இல்லத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்றோம். அவர் தோட்டப்புறத்தில் பிறந்தவர். பகலில் கற்பித்து இரவில் கற்றவர். பணி ஓய்வுக்குப் பின்னர் ஜாவி எழுத்தையும் கற்கத் தொடங்கியவர். படித்தவற்றையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார் எனக் கேள்விப்பட்டு அவற்றைக் காணவே சென்றோம். அவை அதற்கு முந்திய ஆண்டே பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போயிருந்தன. வீட்டைக் காலி செய்ய நேர்ந்தபொழுது, பிள்ளைகள் அவற்றைப் பள்ளிக்கூட நோட்டுகள் என்றே எண்ணினராம்.

ஏமாற்றத்தோடு திரும்பினோம். குறிப்பேடுகள் இல்லையெனில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அன்று நம் முடிவு. மறுமுறை வேறொரு காரணம் பற்றி அவ்வில்லத்துக்குச் சென்றபொழுது, ஆசிரியரின் துணைவியார் உரையாடலின் இடையே, மூன்றாம் வகுப்போடு தம் படிப்பு நின்றதையும், கணவர் இரவில் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டே நாளிதழ் வாசிக்கப் பழகியதையும் கூறினார். கணவருக்குக் கண்பார்வை குன்றிய பின்னர்த் தாமே அவருக்கு வாசித்துக் காட்டினாராம். முதன்முறை சென்றபொழுது இதை ஏன் கூறவில்லை என வினவினோம். "நீங்க அவரு நோட்டைத்தானே சார் கேட்டீங்க?" என்றார்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. மதுராம்பிகையின் குரல் 'என் சரித்திரத்தில்' கேட்கவில்லை எனத் திறனாய்வு செய்யும் நாமே, நம் எதிரே அமர்ந்திருந்த ஒருவரிடம் வினவத் தவறினோம். எழுதியதே சான்று, எழுதியவரே கற்றவர் என்னும் எண்ணம் நம்முள் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை அன்று உணர்ந்தோம். கேட்டே கற்றவர் நம் குடும்பங்களில் பலர். கேள்விச் செல்வத்தைப் போற்றிய மரபு நம்முடையது. ஆயினும் ஆய்வுக்கெனப் புறப்படும்பொழுது நாம் அம்மரபை மறந்துவிடுகிறோம்.

7. ஆசிரியர் செய்யத்தக்கன

மேற்கூறிய வாசிப்பிலிருந்து மூன்று கருத்துகளை ஆசிரியர்களின் கவனத்துக்கு வைக்கிறோம்.

முதலாவது, 'என் சரித்திரம்' பாடமாகும்பொழுது ஏடு தேடிய பகுதிகளோடு 1880-ஆம் ஆண்டுச் சந்திப்பும் முழுமையாக வாசிக்கப்படுதல் வேண்டும். தெரியாது எனக் கூற நேர்ந்த ஆசிரியரின் நிலை, மாணாக்கருக்குப் பயன்படுவதினும் நமக்குப் பயன்படும்.

இரண்டாவது, மாணாக்கர் தம் இல்லத்து மூத்தோரிடம் கேட்டு எழுதும் பயிற்சியை வெறும் கட்டுரைத் தலைப்பாக நிறுத்திவிடலாகாது. பிறந்த ஆண்டு, பார்த்த வேலை ஆகியவற்றைக் கேட்டு அமைவதே இப்பொழுதுள்ள வழக்கம். "எதைக் கற்றுக்கொள்ள விரும்பினீர்கள்? யாரிடம் கற்றீர்கள்? எதைப் பாதியில் விட்டீர்கள்? அப்பொழுது வீட்டை யார் பார்த்துக்கொண்டார்?" என்னும் வினாக்களும் எழவேண்டும். தாத்தாவிடம் கேட்ட அதே வினாக்களைப் பாட்டியிடமும் கேட்கும்படி பணித்தல் வேண்டும்.

மூன்றாவது, தாள்களைக் காத்தல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் குறிப்பேடுகள், கடிதங்கள், கோயில் விழா மலர்கள், சங்கக் கூட்ட அறிக்கைகள் ஆகியவை ஆண்டுதோறும் அழிந்து வருகின்றன. அவற்றை ஒளிப்படமாகப் பதிவு செய்யும் வசதி இன்று கைப்பேசியிலேயே உள்ளது. கருவிக் குறை என இனிக் காரணம் கூற இயலாது. எவற்றைக் காத்தல் வேண்டும் என்னும் தெளிவை அக்குடும்பங்களுக்கு உரிய காலத்தில் ஊட்டும் பொறுப்பு தமிழாசிரியர்க்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் உரியது.

8. முடிவுரை

வாழ்நாள் முழுவதும் கற்ற ஒருவரின் நினைவாக 'என் சரித்திரத்தை' வாசிக்கும்பொழுது, அது வெற்றியின் வரலாறாக இன்றி, அறியாமையை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டதன் வரலாறாக விளங்குகிறது. அதன் வன்மை அங்கே உள்ளது. குடும்பத்துப் பெண்டிரின் வாழ்வையும் அறிவையும் பெரும்பாலும் கூறாமல் விட்டது அதன் எல்லை. அதே ஆசிரியரிடம் பயின்று பினாங்கில் பணியாற்றிய குலாம் காதிறு நாவலரின் அறிவு வேட்கை சிறிதும் குறைந்ததன்று. அதனைச் சொல்லும் நூலே நமக்கு இல்லை.

2008-இல் ஜார்ஜ் டவுன் நகரம் உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. கட்டடங்களைக் காக்கச் சட்டமும் நிதியும் வந்தன. அக்கட்டடங்களின் மேல்மாடிகளில் விளக்கேற்றிப் படித்தவர்களின் கல்வியைக் காக்கும் பணி இன்னும் நம்மிடமே உள்ளது. மேற்சொன்ன அம்மையாரிடம் மூன்றாம் முறையும் சென்றோம். இம்முறை அவரைப் பற்றியே கேட்டோம். கணவர் படித்துக் காட்டியவற்றுள் தமக்கு விருப்பமானவை எவை என்பதில் தொடங்கி நெடுநேரம் பேசினார். அவ்வுரையாடலை எழுத்தாக்கும் பணி இப்பொழுது நடைபெற்று வருகிறது.